லொடலொட, டொக், கிறீச்: ஒரு கத்தி உறையின் சத்தத்தைத் தேடிப் போன ஆறு நாள்

இந்த உறையில் சத்தம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் அப்படிச் செய்தேன். அதனால் அந்தப் பெண் பட்டறைக்குள் வந்து, "அண்ணா, இது நீங்க பண்ணதுதானே? நடந்தா சத்தம் வருது" என்றபோது முதலில் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி என் பட்டறை. கத்தி உறை, கத்தரி உறை, டார்ச் உறை, எலக்ட்ரீஷியன்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் டெஸ்டர் உறை என்று, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அழுத்தி வடிவம் எடுக்கிற வேலை. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் காசிமேட்டு விசைப்படகு ஆட்கள். அவர்களில் ஒருவரிடமிருந்துதான் அந்த உறை போயிருக்கிறது. சினிமாக் கம்பெனி ஒன்று அந்தப் பக்கம் படம் எடுக்கிறது. வயதான மீனவராக நடிப்பவரின் இடுப்பில் நிஜமான சாமான் இருக்க வேண்டும் என்று கத்தியோடு உறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வந்தவர் அந்தப் படத்தின் ஒலிப்பதிவாளர்.

வடசென்னை என்றால் சினிமாவுக்கு இடுப்பில் கத்தி வேண்டும். எங்கள் பக்கம் கத்தி அதிகம் என்பது உண்மைதான்; மீன் அரியவும், சிக்கிய வலைக்கயிற்றை அறுக்கவும் அத்தனை கத்தி தேவைப்படுகிறது. இந்தப் படத்தில் அந்தப் பெரியவர் யாரையும் குத்துவதில்லையாம். ராத்திரி குப்பத்துச் சந்தில் மகனோடு மெதுவாகப் பேசிக்கொண்டே நடக்கிறார், அவ்வளவுதான். அந்தக் காட்சியில்தான் சிக்கல்.

"டப்பிங்கில பேசிக்கலாமேம்மா?" என்றேன்.

"டைரக்டர் ஒத்துக்க மாட்டார் அண்ணா. லைவ் சவுண்டுதான். ஷாட்டும் ரொம்ப அகலம், மேல இருந்து மைக் கொண்டுபோக முடியாது. சட்டைக்குள்ள ஒட்டுன மைக் மட்டும்தான்."

மைக் நெஞ்சில், உறை இடுப்பில். நடுவே ஒரு முழம்கூட இல்லை. மின்விசிறி, ஏ.சி. மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலைப் பின்னால் ஓரளவு வடிகட்டிவிடலாம், ஆனால் 'டக்' என்று ஒரு கணத்தில் வெடித்து மறையும் சத்தத்தை அப்படி எடுக்க முடியாது என்று அவர் விளக்கினார். அது தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை எல்லா இடத்திலும் பரவிக் கிடக்குமாம். க, ட, த, ப என்று நாம் சொல்லும்போது வாயில் பிறப்பதும் அதே மாதிரியான சின்ன வெடிப்புதான். உறையின் 'டக்'கைக் கத்தரித்தால் பெரியவர் பேசும் வசனத்தில் வல்லெழுத்தும் சேர்ந்து போய்விடும். இதைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது. விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்தது.

"சரி, என்ன மாதிரி சத்தம்?"

"க்ளிக் க்ளிக்னு."

"அப்படிச் சொன்னா பத்தாதும்மா. லொடலொடவா, டொக்கா, கிறீச்சா?"

சிரித்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவு செய்ததைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். முகம் மாறியது. "மூணும் இருக்கு அண்ணா" என்றார்.

இதைத்தான் நான் எல்லாரிடமும் முதலில் கேட்பேன். சத்தம் வருகிறது என்பதால் எனக்கு ஒன்றும் தெரியாது. அதன் பேரைச் சரியாகச் சொன்னால் எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். நம் மொழியில் சத்தத்துக்குப் பஞ்சமா என்ன? லொடலொட என்றால் ஒரு கூட்டுக்குள் ஒரு பொருள் இடம் கிடைத்து ஆடுகிறது, இடைவெளி இருக்கிறது. டொக் என்றால் முழு உருப்படியும் எங்கேயோ போய் மோதுகிறது. தொங்குகிற விதம் சரியில்லை. கிறீச் என்றால் இதற்கு நேர் எதிர்: இரண்டு பரப்புகள் இறுகி உட்கார்ந்து, ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி நகர்கின்றன. சர் என்றால் சும்மா உரசல். உறைக்குள் கத்தி போய்ப் பூட்டும்போது வரும் 'டக்' தனி ரகம். அது பழுதே இல்லை, நாங்களே வைப்பது. லொடலொடவுக்கு இறுக்க வேண்டும், கிறீச்சுக்குத் தளர்த்த வேண்டும். இரண்டும் ஒரே உறையில் இருக்கும்போது எதை எங்கே செய்கிறோம் என்று தெரியாமல் கை வைத்தால் ஒன்று போய் இன்னொன்று வரும்.

இத்தனையும் தெரிந்த நான், அன்றைக்குச் செய்தது தப்பு. அதைச் சொல்வதற்கு முன், உறை ஏன் தளர்வாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது படலம்

நான் பயன்படுத்துவது கைடெக்ஸ் தகடு, 2 மில்லிமீட்டர் கனம். அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த பிளாஸ்டிக். 1965இல் அமெரிக்காவில் ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி விமானங்களின் உள்பக்க வேலைக்காகக் கொண்டுவந்தது. உறுதி, தேயாமை, தீ சட்டென்று பற்றாத குணம் என்று விமானத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. சத்தம் போடாத குணம் மட்டும் யாரும் கேட்கவில்லை. தோல் ஒரு அடியை வாங்கிக்கொண்டு உள்ளேயே அடக்கிவிடும். கைடெக்ஸ் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். வெறும் உறையை நகத்தால் தட்டிப் பாருங்கள், சின்னப் பெட்டி மாதிரி 'டொண்' என்று சொல்லும்.

செய்முறை எளிது. தகட்டை ஓவனில் வைத்து 160 டிகிரி செல்சியஸ் பக்கம் கொண்டுபோனால் தோசை மாதிரி தொளதொளவென்று ஆகும். அதற்கு மேலே விட்டால் பளபளப்பு ஏறி, கொப்புளம் கிளம்பி, தொண்டையைக் கமறும் புகை வரும். அந்தத் தகடு குப்பைக்குத்தான். பதமாக எடுத்து, கத்தியைச் சுற்றிப் போட்டு, கெட்டி ஸ்பாஞ்ச் ஒட்டிய இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நாலு சி-கிளாம்ப் போட்டு முறுக்கிவிட வேண்டும். பத்து நிமிஷத்தில் கத்தியின் அச்சு அப்படியே விழுந்திருக்கும். அப்புறம் ஓரம் அறுத்து, பித்தளை வளையமான ஐலெட் அடித்து, உப்புத்தாள் போட்டால் உறை ரெடி.

சூட்சுமம் எல்லாம் அழுத்துவதற்கு முன்னால் இருக்கிறது. கத்தியின் அலகில் மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் அழுத்துவோம். பின்னால் டேப்பை உரித்துவிட்டால், அதன் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி உள்ளே நிற்கும். டேப்பே இல்லாமல் அழுத்தினால் கத்தி உறையில் உரசி உரசிக் கோடு விழும், வெளியே எடுக்கவும் திணறும். சாதாரணமாகப் பக்கத்துக்கு ஒரு படலம் போதும், மிஞ்சினால் இரண்டு. படகுக்காரர்களுக்கு நான் மூன்று ஒட்டுவேன். நான் வாங்கும் டேப் ஒரு படலம் 0.14 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் மூன்று மூன்று என்றால் 0.84. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் காற்று.

காரணம் மீன் செதில். ஈரத்தோடு கத்தியை உறையில் சொருகுவார்கள். கூடவே செதில் போகும், மணல் போகும், காய்ந்தால் உப்பு படியும். காய்ந்த செதில் நகம் மாதிரி கெட்டி. இறுக்கமான உறையாக இருந்தால் ஒரே வாரத்தில் கத்தி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வலை இறக்கும்போது கயிறு காலில் சுற்றிவிட்டால் ஒரே இழுப்பில் கத்தி வெளியே வந்தாக வேண்டும். அங்கே இரண்டாவது இழுப்புக்கு நேரம் கிடையாது. அதனால்தான் மூன்றாவது படலம், அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. லொடலொட என்று ஆடினால் ஆடட்டும். இஞ்சின் ஓடும் படகில் பக்கத்து ஆள் கத்துவதே காதில் விழாது, இதையா கேட்கப்போகிறார்கள்?

ஆக, கடலில் எது அந்த உறையின் நல்ல குணமோ அதுவேதான் கரையில் புகாராக வந்து நின்றது.

புதன்கிழமை: பழக்கதோஷம்

அந்தக் காட்சிக்கு வரும் திங்கள் ராத்திரி படப்பிடிப்பு. புதன்கிழமையே, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தேன். உறை தளர்வு என்று யார் வந்தாலும் கை தானாக வாய்ப்பக்கம்தான் போகும். கத்தியைப் பிடித்துக்கொள்வது அங்கேதானே. பிடியும் அலகும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். கத்தி உள்ளே போகும்போது அந்த மேடு விரிந்து வழிவிட்டு, தாண்டியதும் மறுபடி மூடிக்கொள்ளும். அந்த மேட்டைச் சூடாக்கி இன்னும் ஆழமாக அழுத்திவிட்டேன். உறையை ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சத்தம் இல்லை என்று நான் நினைத்ததற்குக் காரணம், வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி. எங்கள் தெருமுனையில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தால் பட்டறையில் டம்ளர் ஆடும். அந்த இடத்தில் நின்றுகொண்டு உறையின் சத்தத்தைச் சோதித்தவன் நான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "அண்ணா, முன்னாடி இருந்ததைவிட கூர்மையா கேக்குது. உருவும்போது வேற பட்டாசு மாதிரி டக்குங்குது."

யோசித்தால் அது சரிதான். வாய்ப்பக்கம் இறுக்கிவிட்டேன், நுனிப்பக்கம் காற்று அப்படியே இருக்கிறது. ஒரு முனையில் கெட்டியாகப் பிடித்து மறுமுனையை விட்டால் அது கோயில் மணியின் நாக்கு. ஒவ்வொரு அடிக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பூட்டும் மேட்டை ஆழமாக்கியதால் அந்த 'டக்'கும் பெரிதாகிவிட்டது. வாடிக்கையாளர் சொன்ன மூன்று சத்தத்தில் ஒன்றைக்கூடக் குறைக்காமல், நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

வியாழக்கிழமை: மெத்தைக் கடை

வடசென்னையில் சத்தமே இல்லாத இடம் எங்கே கிடைக்கும்? ராத்திரி இரண்டு மணிக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி நிற்காது. அப்போதுதான் பக்கத்துக் கடை ஞாபகம் வந்தது. கடைக்காரர் பாய்; மெத்தை, தலையணை தைக்கிறவர். கடையின் பின்னறையில் தரை முதல் கூரை வரை மெத்தையும் இலவம்பஞ்சு மூட்டையும்தான். கதவைச் சாத்தினால் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "தாராளமா வாங்க, என்னா, தும்மல் வரும்" என்றார். வந்தது. பதிவில் என் தும்மல் நாலு இருக்கிறது.

மெத்தை அடுக்குகளுக்கு நடுவே ஆறடி நடக்க இடம். என் பட்டறைப் பையன் இடுப்பில் உறையை மாட்டிக்கொண்டு போய் வந்தான். அந்தப் பெண் அவன் நெஞ்சில் மைக் ஒட்டி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

முதலில் கத்தியை எடுத்துவிட்டு வெறும் உறையோடு நடக்கவிட்டோம். லொடலொட போய்விட்டது, டொக் அப்படியே இருந்தது, கிறீச்சும் இருந்தது. ஆக இந்த இரண்டுக்கும் கத்திக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு இது நிஜமாகவே ஆச்சரியம். உறையில் சத்தம் என்றால் கத்தி ஆடுவதுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன்.

அடுத்து, உறையை இடுப்பிலிருந்து கழற்றி, கத்தியை உள்ளே போட்டு, கையில் பிடித்து ஆட்டினேன். மேலும் கீழும் ஆட்டினால் ஒன்றுமில்லை. கூர்ப்பக்கத்திலிருந்து முதுகுப்பக்கம் ஆட்டினாலும் இல்லை. தட்டைப்பக்கமாக ஆட்டினால் மட்டும் லொடலொட. டூவீலர் மெக்கானிக்கிடம் கடன் வாங்கிய பில்லர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை, விட்டுப் பார்த்தேன். வாய்ப்பக்கம் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. அடியில் தண்ணீர்த் துளை வழியாக விட்டால் 0.8 மில்லிமீட்டர் தகடு லேசாகப் போகிறது.

கடைசியாக, ஒரு விசிட்டிங் கார்டை விரல் அகலத்துக்கு நறுக்கி, வாய்ப்பக்கம் ஒரு துண்டைச் சொருகி ஆட்டினோம். மாற்றம் இல்லை. அதை எடுத்துவிட்டு நுனிப்பக்கம் பக்கத்துக்கு ஒன்றாகச் சொருகினோம். பட்டென்று நின்றது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார் அந்தப் பெண். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தக் காகிதச் சோதனையைப் புதன்கிழமையே செய்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சொருக வேண்டும் என்பது முக்கியம். இரண்டு இடத்திலும் சேர்த்துச் சொருகி, சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டால் எது நிறுத்தியது என்று தெரியாது.

வெல்க்ரோவின் ஒரு நாள் வாழ்வு

நுனியில் எதையாவது மெத்தென்று ஒட்டினால் போதும் என்றாகிவிட்டது. வெல்க்ரோவில் மிருதுவான பக்கம் இருக்கிறதே, அதைத் துண்டுபோட்டு, குச்சியால் உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் ஒட்டினேன். அமைதியென்றால் அப்படி ஓர் அமைதி. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடற்கரையில் ஒத்திகை. பெரியவர் அலையில் முழங்கால் வரை இறங்கியிருக்கிறார், ஒரு அலை இடுப்பு வரை வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் உறை என் மேஜைக்குத் திரும்பியது. மோந்து பார்த்ததுமே தெரிந்தது. வெல்க்ரோ உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அலகை அணைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் கத்திதான், இருந்தாலும் பட்டையின் அளவுக்கே பழுப்புப் புள்ளிகள். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைப்பவர்கள் காசிமேட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். உப்பு ஈரம் காற்றுப் போகாமல் ஒரே இடத்தில் ஒட்டியபடி கிடந்தால் அதுவும் அரித்துவிடும். போதாததற்குப் பசையும் விட்டுப்போய், ஒரு பட்டை அடியில் சுருண்டு கிடந்தது. கத்தி முழுசாக உள்ளே இறங்கவில்லை. அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்தால் என்ன ஆகும்?

வீட்டில், அலமாரியில் இருக்கப்போகிற கத்திக்கு உள்ளே துணி ஒட்டலாம். வெயிலும் தூசியும் ஈரமும் படும் கத்திக்கு ஒட்டவே கூடாது. மணல் ஒரு தடவை அந்தத் துணியில் ஏறிவிட்டால் அதுவே உப்புத்தாள். ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகில் கோடு போடும்.

சனிக்கிழமை: இரண்டு பள்ளம்

பட்டையைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக்கையே திருத்துவது என்று முடிவு செய்தேன். இதில் ஒரு பயம் உண்டு. கைடெக்ஸுக்கு ஞாபகசக்தி அதிகம். ஒரு தடவை வளைத்ததை மறுபடி சூடாக்கினால், தான் முதலில் தட்டையான தகடாக இருந்ததை நினைத்துக்கொண்டு விரியப் பார்க்கும். நுனியைச் சரிசெய்யப் போய் நடுப்பாகமும் சூடேறினால் மொத்த உறையும் போச்சு. அதனால் நுனியிலிருந்து மூன்று விரல் அகலம் மட்டும் விட்டு, மீதி எல்லாவற்றையும் ஈரத்துணியால் சுற்றினேன்.

அலகில் இந்தத் தடவை ஒரே ஒரு படலம் டேப். கத்தியை உள்ளே போட்டு, நுனியை ஹீட் கன்னில் காட்டினேன். ஒரே இடத்தில் பிடிக்காமல், அப்பளம் சுடுகிற மாதிரி திருப்பித் திருப்பி. கறுப்புத் தகட்டின் மேல்தோல் லேசாக மினுங்கியதும் நிறுத்தி, நுனியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே, இரண்டு பக்கமும் நேர் எதிரே, பென்சில் ரப்பர் அளவு கட்டை ஒன்றை வைத்து அழுத்திப் பிடித்தேன். கை சுட்டது. பையன் ஈரத்துணியை மேலே போட்டான். ஆறியதும் எடுத்துப் பார்த்தால் இரண்டு சின்னப் பள்ளம். உள்பக்கம் அவை இரண்டு மேடு. அலகின் தட்டைப்பகுதியை மட்டும் இரண்டு விரலால் பிடிப்பது போல் பிடிக்கின்றன. கூர்ப்பக்கம் எதையும் தொடவில்லை. இடைவெளி மற்ற இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது; தண்ணீர் வடியும், செதிலும் ஓரளவு போகும்.

புதன்கிழமை ஆழமாக்கிய வாய்ப்பக்க மேட்டையும் திருத்தினேன். படிக்கட்டு மாதிரி செங்குத்தாக இருந்ததைச் சறுக்கு மாதிரி சரித்துவிட்டேன். இனி கத்தி 'டக்' என்று குதிக்காது, மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஆனால் பிடிமானம் போய்விடக் கூடாது. உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பலமாக நாலு உதறு உதறினால் கத்தி விழக் கூடாது என்பது என் கணக்கு. விழவில்லை. சத்தத்துக்காகப் பிடிமானத்தை விட்டுக்கொடுத்த உறையை யார் இடுப்பிலும் நான் மாட்டமாட்டேன், அது நடிப்புக்கு என்றாலும் சரி.

'டொண்' என்கிற பெட்டிச் சத்தம் பாக்கி. உள்ளே ஒட்டினால்தானே வம்பு, வெளியே ஒட்டினால்? பெரியமேட்டிலிருந்து எடைக்கு வாங்கி வைத்திருக்கும் தோல் துண்டுகளில் 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றை எடுத்து, செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையால் உறையின் பின்பக்கம் முழுக்க ஒட்டினேன். நகத்தால் தட்டினால் இப்போது 'தொப்'. தோல் இடுப்புப்பக்கம் இருப்பதால் கேமராவுக்கும் தெரியாது.

கிறீச் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பின்னால் இருந்த இரும்புக் கிளிப் நேராக ஐலெட்டின் பித்தளை மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய சைக்கிள் ட்யூபில் வட்டமாக வெட்டிய வாஷர் இரண்டு போட்டேன். போய்விட்டது. நாடகத்துக்காரர்களுக்கு டம்மித் துப்பாக்கி வைக்கும் உறை செய்து கொடுத்தபோது பழகிய வேலை இது. அந்த உறைகளில் இரண்டு ஓடுகளை ஸ்க்ரூ போட்டு இணைப்போம்; நடுவே ரப்பர் வாஷர் வைத்தால் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும், ஓடும் ஓடும் உரசிக் கத்தாது.

பச்சை பெல்ட்

டொக் மட்டும் பிடிபடவே இல்லை. பையன் பேன்ட் பெல்ட்டில் மாட்டி நடந்தால் ரொம்பக் குறைவு. படப்பிடிப்பில் எடுத்த பதிவில் மட்டும் அடிக்கு ஒரு டொக். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணிடம், "அவர் என்னம்மா கட்டியிருக்கார்?" என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். லுங்கி மேல் கட்டும் பச்சை பெல்ட். நாலு அங்குல அகலம், முன்னால் காசு போடப் பை, பைக்கு பிரஸ் பட்டன்.

என் கிளிப் ஒன்றரை அங்குல பேன்ட் பெல்ட்டுக்கானது. இந்த அகல பெல்ட்டில் அதை மாட்டினால் மேல் விளிம்பை மட்டும்தான் கவ்வும். கீழே உறை முழுக்கத் தொங்கல். வலது கால் முன்னே போகும்போது தொடையோடு வந்து, பின்னே போகும்போது விலகி, மறுபடி வந்து மோதும். டொக், டொக். படகு ஆட்கள் இந்த பெல்ட்டில் உறையை மாட்டும்போது கீழே ஒரு நைலான் கயிற்றால் கட்டிவிடுவார்கள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஏதோ தொலையாமல் இருக்கக் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சினிமாக்காரர்கள் கத்தியையும் உறையையும் வாங்கினார்கள், கயிற்றை வாங்கவில்லை.

கிளிப்பைக் கழற்றிவிட்டு, தோலில் நாலு அங்குலத்துக்கு இரண்டு பட்டி தைத்தேன். பெல்ட் இரண்டுக்குள்ளும் புகுந்து போகும். உறை இடுப்போடு இடுப்பாக ஒட்டிவிட்டது.

மறுபடி பாயின் பின்னறை. பையன் பச்சை பெல்ட்டோடு ஆறடி போய் ஆறடி வந்தான். அந்தப் பெண் கண்ணை மூடிக் கேட்டார். லொடலொட இல்லை. டொக் இல்லை. கிறீச் இல்லை. "ஆனா ஒரு சின்ன டிக் இருக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கத்தியோடு உறையையே கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வெறும் பெல்ட்டோடு நடக்கவிட்டோம். டிக். காசுப் பையின் பிரஸ் பட்டன். பாதி மூடியும் மூடாமலும் இருந்த மூடி ஒவ்வொரு அடிக்கும் பட்டனின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. பாய் ஊசி நூல் கொண்டுவந்து, பட்டனைச் சுற்றி நாலு தையல் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

திங்கள் ராத்திரிக்குப் பிறகு

காட்சி நன்றாக வந்துவிட்டது என்று செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பியிருந்தார். வேலைக்கு எண்ணூறு ரூபாய் கேட்டேன், ஆயிரம் கொடுத்தார்கள்.

உறையின் சொந்தக்காரர், படகு அண்ணன், ஒரு வாரம் கழித்து வந்தார். சினிமாவிலிருந்து திரும்பி வந்த உறையை இடுப்பில் கட்டியிருந்தார். "என்னாபா, ஆடவே மாட்டேங்குது?" என்றார், குறையாக. கத்தி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று இத்தனை நாள் அந்த ஆட்டத்தை வைத்துத்தான் கை தெரிந்துகொள்ளுமாம். பள்ளங்களைச் சூடு காட்டி எடுத்துவிடச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். தோல் பட்டி இரண்டையும் மட்டும் விடவில்லை. நைலான் கயிறு இனி வேண்டாம் என்று அதை வைத்துக்கொண்டார். தோல் உப்பில் நாளாவட்டத்தில் விறைத்துப்போகும், மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்றேன். அலையில் நனைந்த உறையை வண்டி பெட்ரோல் டேங்க் மேல் வெயிலில் காயப்போடாதீர்கள் என்றும் சொன்னேன். சித்திரை வெயிலில் கறுப்புத் தகடு கறுப்பு டேங்க் மேல் கிடந்தால் வாய்ப்பக்கம் விரிந்துவிடக்கூடும்.

இந்த மாதிரி வேலைக்கு யார் வந்தாலும் கத்தி எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கி வைப்பேன். ஆயுதச் சட்டம் 1959ஆம் வருஷத்தது. அதன் விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கானதாக இல்லாவிட்டால் ஆயுதக் கணக்கில் போய்விடும். இந்தக் கத்தி 5 அங்குலம்தான். இருந்தாலும், உறையில் சத்தமே வரக் கூடாது என்று ஒரு ஆள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து கேட்டால், நான் ரெண்டு கேள்வி அதிகமாகத்தான் கேட்பேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு போன். படம் எடிட்டிங் முடிந்து, சத்தமெல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இன்னொரு காட்சியில் பெரியவர் கயிறு அறுக்கக் கத்தியை உருவுகிறார். சத்தமே இல்லாமல் வருகிறது, டைரக்டருக்கு 'ஷிங்' என்று கேட்க வேண்டுமாம்.

"பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தா எப்படிம்மா ஷிங்குனு வரும்? தோல் உறைன்னாலும் வராதே."

"எனக்குத் தெரியும் அண்ணா. அவருக்கு வேணுமாம்."

மறுநாள் மைக்கோடு வந்தார். வைஸில் தேய்த்தோம், இரும்பு ஸ்கேலில் தேய்த்தோம், ஷட்டரில்கூடத் தேய்த்துப் பார்த்தோம். கடைசியில் பாய் வீட்டு தோசைக்கல்லின் விளிம்பில் தேய்த்ததுதான் சரியாக வந்தது.